துடுப்பை ஊசலாக்கி அளப்பது: சடத்துவத் திருப்பமும் பந்து மோதலும்

திருகோணமலை என்.சி. வீதிக் கடைகளில் கிரிக்கெட் துடுப்பு வாங்க வருபவர்கள் பிடியைப் பிடித்து இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு "எத்தனை இறாத்தல் பாரம்?" என்று கேட்பார்கள். தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. கேட்கிற கேள்விதான் போதாது. 2 இறாத்தல் 10 அவுன்ஸ் என்று ஒட்டியிருக்கும் இரண்டு துடுப்புகளை அடுத்தடுத்து வீசிப் பாருங்கள். ஒன்று மணிக்கட்டுக்கு உடனே இசையும், மற்றது பிந்தி வரும். தராசுக்கு மொத்தத் திணிவு மட்டுமே தெரியும். அந்தத் திணிவு கையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பரவியிருக்கிறது என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். தூரம் வர்க்கமாகச் சேர்கிறபடியால், முனையில் ஒட்டிய 10 கிராமும் பிடியில் ஒட்டிய 10 கிராமும் ஒன்றல்ல.

இதைத்தான் சடத்துவத் திருப்பம் என்கிறோம். உயர்தரப் பௌதிகவியல் படித்த எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் கோல், தட்டு, வளையம், கோளம் என்ற உருவங்களோடு அது பயிற்சிப் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறது. ஏகாம்பரம் மைதானம் வரை வருவதில்லை. துடுப்புக்குச் சூத்திரம் கிடையாது, அளந்துதான் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அளப்பது கடினமில்லை. ஒரு பின்னேரம் போதும். அந்த ஒரு அளவு கையில் இருந்தால் பந்து துடுப்பில் எங்கே பட்டால் என்ன நடக்கும் என்பதைக் கடுதாசியிலேயே கணித்துவிடலாம்.

அளக்கும் முறை

ஒரு அடி நீளமான, வளையாத 6 மி.மீ. இரும்புக் கம்பி, இன்சுலேஷன் ரேப், அளவு நாடா, சமையலறை டிஜிற்றல் தராசு, கைபேசி. இவற்றோடு கொஞ்சம் தங்கூசியும் (நைலோன் மீன்பிடி நூல்) ஒரு சிறிய ஈயக்கட்டியும் வேண்டும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் இரண்டும் கிடைக்கும்.

முதலில் திணிவு. பிறகு புவியீர்ப்பு மையம்: மரத்தாலான அடிக்கோலை விளிம்பில் நிறுத்தி, துடுப்பின் அடிக்கும் முகம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்து, சமநிலையில் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். துடுப்பைத் திசை மாற்றி வைத்து இன்னொரு தரம் பாருங்கள். இரண்டு கோடுகளும் 3 மி.மீ.க்குள் வராவிட்டால் அடிக்கோல் சரிந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஊசல். பிடியின் மேல் முனையிலிருந்து 15 செ.மீ. கீழே, இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தில், கம்பியைக் குறுக்காக வைத்து ரேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். கம்பி அடிக்கும் முகத்தின் அகலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் துடுப்பு பந்தை அடிக்கிற அதே திசையில் ஆடும். 15 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு மேசைகளைப் போட்டு, கம்பியின் இரு நுனிகளையும் மேசை விளிம்புகளில் தாங்க விடுங்கள். துடுப்பு நடுவில் தொங்கும்.

நிலைக்குத்திலிருந்து 10 பாகைக்கு மேல் இழுக்காமல் விட்டுவிடுங்கள். 30 பாகைக்கு இழுத்தால் அலைவுகாலம் ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடிவிடும். சடத்துவத் திருப்பத்தில் அது இரட்டிப்பாகும். நேரம் எடுப்பது துடுப்பு அதிவேகமாகக் கடக்கும் அடிப்புள்ளியில்தான். ஓரத்தில் அது நின்று திரும்பும்போது எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. எண்ணத் தொடங்கும்போது "பூச்சியம்" என்று சொல்லுங்கள். "ஒன்று" என்று தொடங்கி 20 வரை எண்ணினால் உண்மையில் நடந்தது 19 அலைவுகள். விடையில் பத்து சதவீதம் பறந்துவிடும். செய்முறைகளில் அடிக்கடி நிகழும் பிழை இதுதான். யன்னலையும் சாத்த வேண்டும். பின்னேரக் கடற்காற்றோ கச்சான் காற்றோ அறைக்குள் வந்தால் துடுப்பின் அகன்ற முகம் அதைப் பிடித்துக்கொள்ளும். அலைவு கோணலாகி, கம்பி மேசையில் தேயத் தொடங்கும்.

ஒரு உதாரணம். திணிவு 1.20 கி.கி., மொத்த நீளம் 85 செ.மீ., புவியீர்ப்பு மையம் பிடியின் மேல் முனையிலிருந்து 50 செ.மீ. ஆகவே கம்பியிலிருந்து மையத்துக்கு 35 செ.மீ. 20 அலைவுக்கு 28.2 செக்கன் என்றால் அலைவுகாலம் 1.41 செக்கன். கம்பியைப் பற்றிய சடத்துவத் திருப்பம்:

திணிவு × 9.81 × தூரம் × (அலைவுகாலம் ÷ 6.283)²

1.20 × 9.81 × 0.35 × 0.0504. விடை ஏறத்தாழ 0.207 கி.கி. மீ². சமாந்தர அச்சுத் தேற்றப்படி இதிலிருந்து 1.20 × 0.35² = 0.147ஐக் கழித்தால் புவியீர்ப்பு மையத்தைப் பற்றிய சடத்துவத் திருப்பம் 0.060.

இந்தக் கழித்தலில் ஒரு பொறி இருக்கிறது. 0.207இல் ஒன்றரை சதவீதப் பிழை என்றால் அது 0.003. அதே 0.003, கழித்துக் கிடைத்த 0.060இல் ஐந்து சதவீதம். 20 அலைவுக்கு 0.2 செக்கன் பிசகினாலே இந்தப் பிழை வந்துவிடும். ஆகவே முதல் தரம் 20, இறுதி அளவுக்கு 50 அலைவுகள்.

கணிப்பே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் தங்கூசி. ஈயக்கட்டியைத் தங்கூசியில் கட்டி, துடுப்பு தொங்கும் அதே மட்டத்திலிருந்து பக்கத்தில் தொங்க விடுங்கள். இரண்டையும் ஒன்றாக இழுத்து விட்டு, இரண்டும் பிசகாமல் சேர்ந்தாடும் வரை தங்கூசியின் நீளத்தைக் கூட்டிக் குறையுங்கள். சேர்ந்தாடும்போது ஈயக்கட்டியின் நடு துடுப்பின் எந்த இடத்துக்கு நேராக நிற்கிறதோ அதுதான் மோதல் மையம். பந்து அங்கே பட்டால் 15 செ.மீ. புள்ளியில் இருக்கும் கைகளுக்கு உதறல் வராது. மேலே சொன்ன துடுப்பில் அது கம்பியிலிருந்து 49.4 செ.மீ. கீழே, அதாவது அடிமுனையிலிருந்து 20.6 செ.மீ. மேலே. சடத்துவத் திருப்பத்தைத் திணிவாலும் 35 செ.மீ.யாலும் வகுத்தாலும் இதே எண்தான் வரும். இரண்டு வழியிலும் செய்து ஒப்பிட்டால் அளவீட்டின் நம்பகம் உடனே தெரிந்துவிடும்.

பந்து படும் ஒரு மில்லிசெக்கன்

கடினபந்து துடுப்பைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு செக்கன். அதற்குள் கை எதுவும் செய்ய முடியாது. மோதலின் அதிர்வு பிடிவரை ஓடி, கையில் பட்டு, திரும்பி வருவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். பிடியை இறுக்கிப் பிடித்தால் பந்து வேகமாகப் போகும் என்று பயிற்றுநர்கள் சிலர் சொல்வதுண்டு. வீச்சைக் கட்டுப்படுத்த இறுக்கம் உதவலாம். மோதலின் வேகத்துக்கு உதவாது. அந்த ஒரு மில்லிசெக்கனுக்குத் துடுப்பை அந்தரத்தில் மிதக்கும் பொருளாகவே கொள்ளலாம்.

அப்படிக் கொண்டால் இரண்டு சமன்பாடுகள் போதும். பந்து கொடுத்த கணத்தாக்கு (விசையை அது தாக்கிய நேரத்தால் பெருக்கியது) துடுப்பின் நேர்கோட்டு உந்தத்தை மாற்றுகிறது. அதே கணத்தாக்கு, புவியீர்ப்பு மையத்திலிருந்து பட்ட இடத்தின் தூரத்தால் பெருக்கப்பட்டு, துடுப்பின் கோண உந்தத்தை மாற்றுகிறது. இரண்டையும் சேர்த்துப் பட்ட இடம் எவ்வளவு பின்வாங்கும் என்று பார்த்தால், பந்துக்கு முன்னால் 1.20 கி.கி. முழுதாக நிற்பதில்லை என்று தெரியவரும். அங்கே நிற்கும் பயன்படு திணிவு இதுதான்:

திணிவு ÷ (1 + திணிவு × தூரம்² ÷ மையத்தைப் பற்றிய சடத்துவத் திருப்பம்)

அடிமுனையிலிருந்து 35 செ.மீ.யில், புவியீர்ப்பு மையத்திலேயே பட்டால் முழு 1.20 கி.கி. 30 செ.மீ.யில் 1.14. 20 செ.மீ.யில் 0.83. 15இல் 0.67. 10இல் 0.53. 5 செ.மீ.யில் 0.43 மட்டுமே. யோர்க்கரை முனையால் தட்டும்போது உங்கள் கையில் 1.20 கி.கி. துடுப்பு இருக்கிறது, பந்துக்கோ அதன் மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது.

இனி மீளமைவுக் குணகம்: மோதிய பின் இரண்டும் விலகும் வேகத்தை, மோதுமுன் நெருங்கிய வேகத்தால் வகுத்தது. கடினபந்துக்கு 0.5 என்று எடுக்கலாம். பந்தை 2 மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டு, எழும்பிய உயரத்தை 2ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இதைவிடச் சற்றுக் கூடவே வரும். வேகம் கூடக் கூடக் குணகம் குறையும் என்பதே காரணம். பந்தின் திணிவு 0.16 கி.கி. விதிப்படி அது 155.9க்கும் 163 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

துடுப்பை அசைக்காமல் வெறுமனே தடுத்தால், 25 மீ/செ. வேகத்தில், அதாவது மணிக்கு 90 கி.மீ.யில் வரும் பந்து புவியீர்ப்பு மையத்தில் பட்டு 8.1 மீ/செ.யில் திரும்பும். 20 செ.மீ.யில் பட்டால் 6.4. 10 செ.மீ.யில் 3.8. 5 செ.மீ.யில் 2.3. தடுப்பாட்டத்தில் முனையில் பட்ட பந்து செத்து விழுவது இதனால்தான்.

வீசினால் கதை மாறும். துடுப்பு அந்த 15 செ.மீ. புள்ளியைப் பற்றிச் செக்கனுக்கு 32 ஆரையன் கோண வேகத்தில் சுழல்கிறது என்று வையுங்கள். கைகளே முன்னால் நகரும் வேகத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சேர்த்தால் எல்லா எண்களும் கூடும், ஒழுங்கு பெரிதாக மாறாது. முனையை நோக்கிப் போகப் போகத் துடுப்பின் வேகம் ஏறும், பயன்படு திணிவு இறங்கும். பந்து வெளியேறும் வேகங்கள்:

35 செ.மீ.யில் 22.9 மீ/செ.
30இல் 24.7
20இல் 26.5
15இல் 26.5
10இல் 26.0
5இல் 25.0

உச்சி 15க்கும் 20க்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கிறது. "சுவீட் ஸ்பொட்" என்று விளம்பரத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அப்படி ஒரு நிலையான புள்ளி துடுப்பில் இல்லை. தடுக்கிற துடுப்புக்கு நல்ல இடம் மேலே, வீசுகிற துடுப்புக்குக் கீழே. எவ்வளவு வேகமாக வீசுகிறீர்களோ அவ்வளவு கீழே போகும்.

5 செ.மீ.யில் 25.0 என்பதை அப்படியே நம்ப வேண்டாம். துடுப்பு விறைப்பான பொருள் என்ற எடுகோளில் வந்த எண் அது. உண்மையில் முனையில் பட்ட துடுப்பு வில்லாக வளைந்து அதிரும். அந்த அதிர்வின் அலைவுகாலம் மோதல் நேரத்தைவிடப் பல மடங்கு நீளமானது, ஆகவே அதற்குள் போன சக்தி பந்துக்குத் திரும்பி வராது. அங்கே மீளமைவுக் குணகம் 0.4க்கு இறங்கினாலே 25.0 என்பது 21.7 ஆகிவிடும். அதிர்வின் கணு எங்கே என்று பார்க்க, பிடியின் மேல் முனையிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு விரலால் மட்டும் தளர்வாகத் தொங்கவிட்டு, பழைய பந்தொன்றால் முகத்தின் நடுக்கோட்டில் 2 செ.மீ.க்கு ஒரு தட்டாகக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு வாருங்கள். விரலில் நடுக்கம் அற்றுப்போகும் இடம்தான் கணு. காதாலும் தெரியும்: தகரச் சத்தம் போய் "டொக்" என்று ஒலிக்கும்.

உதறலையும் கணக்கிலேயே காணலாம். 20 செ.மீ.யில் பட்டபோது கணத்தாக்கு 8.2 நியூற்றன் செக்கன். துடுப்பின் கோண வேகம் 32இலிருந்து ஏறத்தாழ 11 ஆரையனுக்கு விழுகிறது. மையத்தின் வேகம் 6.9 மீ/செ. குறைகிறது. பிடியில் இவை இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது செக்கனுக்குக் கால் மீற்றர் அளவுதான். கைக்குப் பட்டதே தெரியாது. 5 செ.மீ.யில் பட்டால் கோண வேக மாற்றம் 40 ஆரையன். பிடி பந்துவீச்சாளர் பக்கம் 7 மீ/செ. அளவில் உதற முயலும். விரல்களைப் பிரிக்கிற அந்த எரிவு இதுதான். பிடிக்குக் கிட்ட, துடுப்பின் தோளருகே பட்டால் எதிர்த்திசை: பிடி உள்ளங்கைக்குள் இடிக்கும். எரிவு விரலிலா உள்ளங்கையிலா என்று கவனித்தாலே பந்து எங்கே பட்டது என்று பார்க்காமல் சொல்லலாம்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம்

துடுப்பை ஒரு முனையில் பிணைத்த கோலாக எடுத்துப் பந்து மோதும் கணக்குகளைச் செய்யும்போது பலர் நேர்கோட்டு உந்தக் காப்பை எழுதிவிடுகிறார்கள். பிணையல் ஒரு புறக் கணத்தாக்கைத் தருகிறது. ஆகவே நேர்கோட்டு உந்தம் காக்கப்படாது. ஆனால் அந்தக் கணத்தாக்கு பிணையலிலேயே தாக்குவதால், பிணையலைப் பற்றி அதற்குத் திருப்பம் இல்லை. அந்த அச்சைப் பற்றிய கோண உந்தம் காக்கப்படும். எந்த அச்சு என்று சொல்லாமல் "கோண உந்தக் காப்பு" என்று மட்டும் எழுதினால் அந்த வரிக்குப் பொருளே இல்லை.

பிணைத்த மாதிரியில் பயன்படு திணிவு என்பது பிணையலைப் பற்றிய சடத்துவத் திருப்பத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. நம் துடுப்பில் 20 செ.மீ. இடத்துக்கு 0.207 ÷ 0.50² = 0.83. மிதக்கும் மாதிரியிலும் அதே 0.83. இது தற்செயல் இல்லை. அந்த இடம் மோதல் மையத்தோடு ஒட்டியிருக்கிறது. அங்கே பிணையல் தரவேண்டிய கணத்தாக்கு பூச்சியம், எனவே பிணையல் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. மோதல் மையத்தை விட்டு விலகினால் இரண்டு மாதிரிகளும் பிரியும்: 5 செ.மீ.யில் பிணைத்த மாதிரி 0.49 என்கிறது, மிதக்கும் மாதிரி 0.43 என்கிறது. மோதல் மையம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை வகுப்பில் கொடுக்க முடியாது என்பது என் எண்ணம். இந்த இரண்டு வரைபுகளையும் ஒரே தாளில் கீறச் சொன்னால், அவை ஒன்றையொன்று தொடும் புள்ளியை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

விளிம்பின் பருமன்

இதுவரை பந்து நடுக்கோட்டில் பட்டதாகவே கொண்டோம். பக்கவாட்டில் விலகினால் மூன்றாவது அசைவு சேரும்: துடுப்பு தன் நீள அச்சைப் பற்றி முறுகும். அந்த அச்சைப் பற்றிய சடத்துவத் திருப்பம் மிகச் சிறியது. 10.8 செ.மீ. அகலமும் 0.95 கி.கி. திணிவும் உள்ள அலகை (பிடிக்குக் கீழேயுள்ள அகன்ற பகுதி) சீரான பலகையாகக் கொண்டால் 0.0009 கி.கி. மீ² அளவுதான், முன்னே சொன்ன 0.060இன் அறுபதில் ஒரு பங்கு.

விளைவு பெரிது. 20 செ.மீ. உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகிப் பட்டால் பயன்படு திணிவு 0.83இலிருந்து 0.46க்கு விழும். வெளியேறும் வேகம் 26.5இலிருந்து 20.6 மீ/செ. அந்த ஒரு மில்லிசெக்கனுக்குள்ளேயே துடுப்பின் முகம் ஏழு பாகை அளவு திரும்பிவிடும் என்பதால் பந்து போகும் திசையும் மாறும். நேராக அடித்தது கவர் பக்கம் எழும்புவதற்கு எப்போதும் கையைக் குற்றம் சொல்ல முடியாது.

முதுகுப் பக்கத்து நடு முகட்டைக் குடைந்து, அந்த மரத்தை விளிம்புகளுக்குத் தள்ளித் துடுப்புச் செய்வது இதற்காகத்தான். மொத்தத் திணிவு மாறாமலே முறுக்கத்துக்கான எதிர்ப்பு கூடும். இந்தப் போக்கு அளவுமீறிப் போகவே 2017 ஒக்ரோபரில் விதி மாறியது: விளிம்பு 40 மி.மீ.க்கும், மொத்தப் பருமன் 67 மி.மீ.க்கும் மேற்படக்கூடாது. வாங்கும்போது விளிம்பின் பருமனை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அதே மரத்தை முகட்டிலிருந்து எடுத்திருந்தால் அலகு வளையும் விறைப்பு குறைந்திருக்கும். முனைப்பக்க அடிகளில் அதிர்வாக அது திரும்பி வரும்.

மென்பந்து வேறு கணக்கு

டச்சு பே கடற்கரையிலும் ஒழுங்கைகளிலும் ஆடுவது ரென்னிஸ் பந்தால். அதன் திணிவு 56 முதல் 59.4 கிராம். 254 செ.மீ.யிலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது அதன் தரவிதி, குணகம் 0.73க்குக் குறையாது. பலமான அடியில் பந்து நன்றாக நசுங்குவதால் 0.6 என்று எடுத்துக்கொள்வோம்.

அதே துடுப்பு, அதே 32 ஆரையன், பந்து 20 மீ/செ.யில் வருகிறது. 20 செ.மீ.யில் பட்டால் 33.8 மீ/செ.யில் போகும். 5 செ.மீ.யில் பட்டால் 37.5. கடினபந்தில் முனை தண்டனை; மென்பந்தில் முனைதான் லாபம். 58 கிராம் பந்துக்கு எதிரே 0.43 கி.கி.யே தாராளம், ஆகவே திணிவைப் பற்றிக் கவலைப்படாமல் வேகத்தைத் தேடலாம். மோதல் நேரமும் சில மில்லிசெக்கன்களாக நீளுவதால் அதிர்வில் வீணாகும் சக்தியும் குறைவு.

மென்பந்துக்கு இலகுவான, முதுகு குடைந்த துடுப்புகள் பொருந்துவதன் காரணம் இதுதான். அதே துடுப்போடு கடினபந்துக்கு இறங்குவது இரட்டை நட்டம். 0.9 கி.கி. துடுப்பில் 20 செ.மீ. இடத்தில் பந்துக்குத் தெரிவது 0.62 கி.கி. அளவுதான், குடைந்த இடத்தில் மரமும் பிளக்கும். மறுபக்கம், கடினபந்துத் துடுப்போடு மென்பந்து ஆடுகிறவர் தேவையில்லாத திணிவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

சில கிராம்கள், எங்கே

முனையில் 30 கிராம் சேர்த்தால் பந்து வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கம்பிப் புள்ளியிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் 30 கிராம் என்றால் 0.0147, அந்தப் புள்ளியைப் பற்றிய சடத்துவத் திருப்பம் 7 சதவீதம் கூடிவிட்டது. பேஸ்போல், சொஃப்ட்போல் துடுப்புகளில் செய்த அளவீடுகளின்படி, சடத்துவத் திருப்பம் கூடும் சதவீதத்தில் ஏறத்தாழ கால் பங்கு வீச்சு வேகம் குறையும். இங்கே அது 1.8 சதவீதம். 20 செ.மீ. இடத்தில் பயன்படு திணிவு 0.83இலிருந்து 0.89க்கு ஏறுகிறது, துடுப்பின் வேகம் 16இலிருந்து 15.7க்கு இறங்குகிறது. பந்து வெளியேறும் வேகம் 26.5க்குப் பதிலாக 26.7. இந்த 0.2 மீ/செ.க்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்: பின்தூக்கலிலிருந்து மோதல் வரை 0.2 செக்கன் என்றால் 1.8 சதவீதம் என்பது 3.6 மில்லிசெக்கன் தாமதம். அதற்குள் பந்து 9 செ.மீ. நகர்ந்துவிடும். 9 செ.மீ. பிந்தினால் நடுவில் பட வேண்டியது எங்கே படும் என்று சொல்லத் தேவையில்லை. இளம் ஆட்டக்காரர்களுக்குப் "பெரியவனானதும் சரிவரும்" என்று அளவுக்கு மீறிய துடுப்பை வாங்கிக் கொடுப்பதை நான் முழுதாக எதிர்ப்பது இந்த எண்ணின் காரணமாகத்தான்.

பிடியில் இன்னொரு றப்பர் கிறிப் ஏற்றுவது வேறு விதம். 50 கிராம் கூடும், தராசு அதைக் காட்டும். ஆனால் அது கைகளைச் சுற்றியே இருப்பதால் கம்பிப் புள்ளியைப் பற்றிய சடத்துவத் திருப்பம் அசையவே அசையாது என்று சொல்லலாம். சமநிலைப் புள்ளி 1.4 செ.மீ. பிடிப்பக்கம் நகரும். துடுப்பு இலகுவானதுபோல் கைக்குத் தோன்றினால் சமநிலைப் புள்ளி மாறியதுதான் காரணம். வீச்சு வேகத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முனையில் நாமே சேர்க்காமல் சேருவதும் உண்டு. ஒக்ரோபர் தொடங்கி தை வரை வாடை மழையில் ஊறிய தரையிலும் பாயிலும் துடுப்பைத் தட்டித் தட்டி நின்றால், முனையில் வெட்டுப்பட்ட மர நார்கள் வழியே தண்ணீர் ஏறும். 20 கிராம் தண்ணீர் முனையில் நின்றால் சடத்துவத் திருப்பம் நாலரை சதவீதம் கூடும். ஊசலில் இதைப் பிடிப்பது கடினம். 50 அலைவுக்கு 0.4 செக்கன்தான் வித்தியாசம். சமநிலைப் புள்ளி 5 மி.மீ.க்குச் சற்று மேல் முனைப்பக்கம் நகர்ந்திருக்கும், அது கண்ணுக்கே தெரியும். ஆகவே துடுப்பு புதிதாக, உலர்ந்திருக்கும்போதே திணிவையும் சமநிலைக் கோட்டையும் முதுகில் குறித்து வையுங்கள். நனைந்துவிட்டால் முனை மேலே இருக்கும்படி நிழலில், காற்றோட்டத்தில் சாத்திவைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெளி நார்கள் முதலில் சுருங்கி வெடிக்கும். கோடு பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகே முனைக்கு வார்னிஷ் பூசி, றப்பர் காப்பை ஒட்டலாம். அதற்கு முன் மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, முனை வீங்கிப் பிளக்கும்.